வெளியாள் பங்கு பிறந்த கதை

யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கார்ப்பரேஷன் 1902-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட பேலன்ஸ் ஷீட்டின் மொத்தம் 154 கோடி டாலருக்கு மேல். சாதாரணப் பங்கும் முன்னுரிமைப் பங்கும் தலா சுமார் 51 கோடி. இந்த இரண்டு பெரிய தொகைகளுக்கும் அடுத்தபடியாக, கடன் பத்திரங்களுக்கு முன்னால், எளிதில் கண்ணில் படாத ஒரு சிறு தொகை நிற்கிறது: 2,15,914 டாலர். மொத்தத்தில் பத்தாயிரம் டாலருக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை. துணை நிறுவனங்களின் பங்குகளில் கார்ப்பரேஷன் கையில் இல்லாதவை, முகமதிப்பில், என்பது அதன் தலைப்பு.

இந்தத் துளித் தொகையின் வம்சம்தான் இன்று உலகெங்கும் பெரிய குழுமங்களின் கணக்குகளில் 'நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்' என்ற பெயரில் இருக்கிறது. நம் ஆடிட்டர்கள் பேச்சில் இன்னமும் அது மைனாரிட்டி இன்ட்ரஸ்ட்தான். ஒரு கம்பெனியை ஆளும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்க, அதே கம்பெனியில் பணம் போட்ட மற்றவர்களின் பங்கை எங்கே, எவ்வளவு என்று எழுதுவது? பார்க்க எளிய கேள்வி. விடை முழுசாகக் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நூறு ஆண்டும் வெறும் கணக்குத் தகராறு என்று நான் நினைக்கவில்லை. ஓட்டுப் பலம் இல்லாதவரையும் உடைமையாளர் என்று ஒத்துக்கொள்வதில் இருந்த தயக்கம் அது.

முதலில் தாய் நிறுவனம் என்ற ஒன்றே பிறக்க வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளப் பொதுவாக உரிமை கிடையாது. மாநிலச் சட்டமன்றத்தில் தனி அனுமதி பெற வேண்டும். ஸ்டாண்டர்ட் ஆயில் 1882-இல் டிரஸ்ட் என்ற சுற்றுவழியைப் பிடித்தது அதனால்தான். பல கம்பெனிகளின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளைச் சில அறங்காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். டிரஸ்டுகளின் மேல் மக்களின் கோபம் திரும்பி, வழக்குகள் கிளம்பி, 1890-இல் ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டமும் வந்தது. அந்தச் சமயத்தில் நியூஜெர்சி மாநிலம் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஒரு கம்பெனி மற்ற கம்பெனிகளின் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று 1889-இல் அது சட்டத்தைத் திருத்தியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருந்தொழில்கள் பல நியூஜெர்சியில் பதிவுக்கு வரிசைகட்டி நின்றன. 1901 பிப்ரவரியில் அங்கே பதிவானதுதான் ஜே. பி. மார்கன் கூட்டிச் சேர்த்த ஸ்டீல் கார்ப்பரேஷன். கார்னெகி ஸ்டீல், ஃபெடரல் ஸ்டீல், நேஷனல் டியூப், அமெரிக்கன் டின் பிளேட் என்று பல பெரிய நிறுவனங்கள் அதன் குடைக்குள் வந்தன.

சேர்த்த முறை பெரும்பாலும் பங்கு மாற்று. உன்னிடமுள்ள பழைய பங்கைக் கொடு, புதிய கார்ப்பரேஷனின் பங்கை வாங்கிக்கொள். ஏறக்குறைய எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட அழைப்பில் எப்போதுமே சிலர் மிஞ்சுவார்கள்: செய்தி போய்ச் சேராதவர், வாரிசுத் தகராறில் சிக்கிய பங்கு, மாற்றிக்கொள்ள மனமில்லாதவர். 2,15,914 டாலர் என்பது அப்படி வெளியே நின்றவர்களின் தொகை.

அவர்களை ஏன் கணக்கில் காட்ட வேண்டும்? கார்ப்பரேஷனின் சொந்த லெட்ஜரைப் பார்த்தால் உலையும் இல்லை, தண்டவாளமும் இல்லை, பங்குப் பத்திரங்கள்தான். 'முதலீடு' என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கலாம். சட்டமும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அப்படி எழுதினால் உள்ளே எத்தனை சுரங்கம், எவ்வளவு கடன், எவ்வளவு லாபம் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. துணை நிறுவனத்தில் நஷ்டம் வந்தாலும் அது டிவிடெண்ட் தராமல் இருந்துவிடும். தாயின் கணக்கில் நஷ்டத்தின் நிழல்கூட விழாது. கார்ப்பரேஷனின் ஆடிட்டராக நியமிக்கப்பட்டது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். அதன் அமெரிக்கக் கிளைக்குத் தலைமை ஏற்க 1901-இல் லண்டனிலிருந்து வந்திருந்த ஆர்தர் லோவஸ் டிக்கின்சன், எல்லாத் துணை நிறுவனங்களின் சொத்தையும் கடனையும் ஒரே நிறுவனத்துடையவைபோல் சேர்த்துக் காட்டும் முறையை ஆதரித்தவர். அந்த முறை அதற்கு முன்பும் அமெரிக்காவில் சில கம்பெனிகளிடம் இருந்தது. ஆனால் உலகின் முதல் நூறு கோடி டாலர் கம்பெனி அதைக் கையில் எடுத்தபின் மற்றவர்கள் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

சேர்க்கும்போதுதான் சிக்கல் முளைக்கிறது. ஒரு துணை நிறுவனத்தில் 80% பங்குதான் உங்களுடையது என்றால், அதன் ஆலையில் 80% மட்டும் சேர்ப்பதா, முழு ஆலையையும் சேர்ப்பதா?

நம் ஊர் நிலப் பத்திரங்களில் 'கிணற்றில் நாலில் மூன்று பங்கு' என்று எழுதியிருக்கும். முக்கால் பங்குக்காரர் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றின் முக்கால் பாகம் மட்டும் இயங்குவதில்லை. மோட்டார் முழுசாகத்தான் ஓடுகிறது, முறை வைத்துத் திறந்துவிடுவது அவர்தான். ஆனாலும் கால் பங்கு கால் பங்குதான். அதைப் பத்திரத்திலிருந்து அழித்துவிட முடியாது. கணக்கியல் வந்து சேர்ந்த இடமும் இதுவே. அதிகாரம் முழுசாக இருப்பதால் சொத்தும் கடனும் வருமானமும் செலவும் 100% சேரும். அந்த முழுமையில் பிறருக்கு உரிய பாகம் ஒரே வரியாக எதிர்ப்பக்கத்தில் நிற்கும். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்தவர் சொத்தையும் தனது என்று சொன்னதாக ஆகும்.

1902-இல் அந்த வரி பிறந்தபோது குறையோடுதான் பிறந்தது. முகமதிப்பை மட்டுமே எழுதினார்கள். துணை நிறுவனம் பத்து ஆண்டு லாபம் ஈட்டி, பகிர்ந்து தராமல் சேர்த்து வைத்திருந்தால், அந்தச் சேமிப்பிலும் வெளியாளுக்குப் பங்கு உண்டு. அது முகமதிப்பில் தெரியாது. சேமித்த லாபத்தில் அவர்கள் பாகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது பின்னால்தான் வழக்கமாயிற்று. இன்றைய கணக்கு அந்த வழியில் வந்தது. வாங்கிய அன்று துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து 100 கோடி ரூபாய், வெளியார் 20% என்றால் அவர்கள் வரி 20 கோடியில் தொடங்கும். அந்த ஆண்டு 10 கோடி லாபம் வந்தால் 2 கோடி ஏறும். 5 கோடி டிவிடெண்ட் கொடுத்தால் அவர்கள் கைக்குப் போன 1 கோடி கழியும். ஆண்டு முடிவில் 21 கோடி.

இங்கிலாந்து இதை ஏற்கத் தயங்கியது. டிக்கின்சனே லண்டன்காரர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். ஆனால் அங்கே சட்டக் கண்ணோட்டம் கெட்டியாக இருந்தது: ஒவ்வொரு கம்பெனியும் தனி ஆள். சாலமன் வழக்கில் பிரபுக்கள் சபை 1896-இல் அதை உறுதி செய்தபின், இரண்டு தனி ஆட்களின் கணக்கை எப்படி ஒன்றாக்குவது என்ற கேள்விக்கு மதிப்பு இருந்தது. கில்பர்ட் கார்ன்சி 1922 டிசம்பரில் சக கணக்காயர்கள் முன் தாய் நிறுவனக் கணக்குகளைப் பற்றி உரையாற்றினார். அது மறு ஆண்டு நூலாக வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1933-ஆம் ஆண்டுக்காக டன்லப் ரப்பர் கம்பெனி வெளியிட்ட கணக்குகள் முன்மாதிரியாகப் பேசப்பட்டன. அவற்றின் பின்னால் இருந்தவர் எஃப். ஆர். எம். டி பாலா. இடையில் 1931-இல் ராயல் மெயில் கப்பல் குழுமத்தின் தலைவர் கில்சன்ட் பிரபு, கடன் பத்திர வெளியீட்டு அறிக்கையில் பொய்த் தோற்றம் காட்டியதற்காகச் சிறை சென்றிருந்தார். ரகசிய ஒதுக்கீடுகளை எடுத்துவிட்டு லாபம் காட்டிய கதை நாடு முழுக்கத் தெரிந்துபோனது. குழுமக் கணக்கு கட்டாயம் என்று சட்டம் சொல்ல 1947, 1948 வரை ஆயிற்று.

அமெரிக்காவில் அந்தச் சின்ன வரி இதற்குள் வேறு முகம் காட்டத் தொடங்கியிருந்தது. 1920-களில் மின்சாரக் கம்பெனிகளை அடுக்கடுக்காகக் கோத்தார்கள். அடியில் இருக்கும் கம்பெனியில் 51% மேலேயுள்ள கம்பெனிக்கு, அதில் 51% அதற்கும் மேலே உள்ளதற்கு. உச்சியில் இருப்பவருக்கு அடிக் கம்பெனியின் மேல் முழு அதிகாரம் உண்டு. உண்மையான பங்கோ 51-இல் 51%, அதாவது 26.01%. மீதி 73.99% 'சிறுபான்மையினர்' பணம். இன்னோர் அடுக்கு ஏற்றினால் உச்சியின் பங்கு 13 சதவீதத்தைச் சற்றே தாண்டும். சாமுவேல் இன்சல் கட்டிய மின் சாம்ராஜ்யம் 1932-இல் சரிந்தபோது இந்த அடுக்குகளின் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. 1935-இல் பொதுப் பயன்பாட்டுத் தாய் நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வெளியார் பங்கு என்பது ஸ்டீல் கார்ப்பரேஷனின் மூலையில் கிடந்த மிச்சம் அல்ல, ஒரு குழுமத்தின் முக்கால் மூலதனமாகவே இருக்கலாம் என்று புரிந்த காலம் அது.

அப்படியானால் அந்த வரியின் தன்மை என்ன? கடனா, மூலதனமா? இந்தக் கதையின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒரு கட்சி சொன்னது: குழுமக் கணக்கு தாயின் பங்குதாரர்களுக்காக எழுதப்படுவது. அவர்களின் கண்ணுக்கு வெளியாளுக்குப் போவதெல்லாம் செலவு; வெளியாள் பங்கு ஏறக்குறைய கடன். மறு கட்சிக்கு ஆதாரம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பேட்டன் 1922-இல் எழுதிய நூலில் இருந்தது. நிறுவனம் என்பது அதன் உடைமையாளர்களிலிருந்து தனியே நிற்கும் ஒன்று; அதில் பணம் போட்டவர்கள் பல வகையினர், அவ்வளவே. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் மூனிட்ஸ் 1944-இல் அந்தக் கருத்தைக் குழுமக் கணக்குக்குள் கொண்டுவந்து ஒரு சிறு நூலாக்கினார். குழுமம் ஒன்றென்றால் அதன் உடைமையாளர்களும் ஒரே வரிசைதான்: தாயின் வழியே வந்தவர்கள், துணை நிறுவனத்தில் நேராக நுழைந்தவர்கள். இருவரும் மூலதனம் போட்டவர்களே.

என் மனம் மூனிட்ஸ் பக்கம். கடன் கொடுத்தவனுக்குத் தேதி உண்டு, வட்டி உண்டு, தவறினால் கோர்ட் உண்டு. துணை நிறுவனத்தில் 20% வைத்திருப்பவருக்கு இது எதுவும் இல்லை. லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு, கம்பெனி மூழ்கினால் கடைசி வரிசை. கடன் கொடுத்தவரின் பாதுகாப்பு ஒன்றும் தராமல் கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தில் ஒருவரை நிறுத்துவது நியாயமில்லை.

ஆனால் நடைமுறை இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டது. 1959 ஆகஸ்டில் அமெரிக்கக் கணக்காயர் அமைப்பு வெளியிட்ட 51-ஆம் அறிக்கை குழுமக் கணக்குக்கு அரை நூற்றாண்டு அடித்தளமாக இருந்தது. அந்த வரி உட்காரும் இடத்தை அது தீர்த்து வைக்கவில்லை. சில கம்பெனிகள் கடன்களோடு எழுதின. சில கம்பெனிகள் கடனுக்கும் மூலதனத்துக்கும் இடையில், மாடிக்கும் தரைக்கும் நடுவே தொங்கும் தளம்போல் நிறுத்தின. லாப நஷ்டக் கணக்கில் வெளியாளின் பாகத்தை வட்டியைப்போல் கழித்துவிட்டு மீதியை 'நிகர லாபம்' என்றார்கள். 1985-இல் அமெரிக்கத் தரநிர்ணய வாரியம் தன் ஆறாவது கருத்துரு அறிக்கையில் இது கடன் அல்ல என்று தெளிவாகவே எழுதியது. யாருக்கும் பணம் கட்டும் கடமை இதில் இல்லை என்பது அதன் காரணம். எழுதிய பிறகும் விதி மாற இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

சர்வதேசத் தரங்களும் அதே நடுத்தளத்தில்தான் தொடங்கின. 1989-இல் வந்த ஐஏஎஸ் 27, கடனிலிருந்தும் பிரித்து, தாயின் பங்குதாரர் மூலதனத்திலிருந்தும் பிரித்துக் காட்டச் சொன்னது. 2003-இல் அதைத் திருத்தியபோது அந்த வரி முதன்முறையாக மூலதனத்துக்குள் நுழைந்தது. 2007 டிசம்பரில் அமெரிக்காவின் 160-ஆம் தரமும் 2008 ஜனவரியில் சர்வதேச வாரியத்தின் திருத்தமும் ஒரே கூட்டுத் திட்டத்திலிருந்து வெளிவந்தன. பெயரும் மாறியது, பாதிக்குக் குறைவான பங்கோடும் ஒருவர் ஆளலாம் என்பதால் 'சிறுபான்மை' பொருந்தவில்லை.

அந்த மாற்றம் வெறும் வரிசை மாற்றம் அல்ல. வெளியாள் உடைமையாளர்தான் என்று ஒத்துக்கொண்டதும் மற்ற கணக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முன்பு நஷ்டத்தில் அவர்கள் பாகம் பூஜ்யத்தைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்குமேல் பொதுவாகத் தாயே சுமக்கும். இப்போது அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். முன்பு வெளியாளிடமிருந்து மீதிப் பங்கை வாங்கினால் கூடுதலாகக் கொடுத்த விலைக்குக் குட்வில் என்று ஒரு சொத்து முளைக்கும். இப்போது அதிகாரம் கைமாறாதவரை அது உடைமையாளர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, புதிய குட்வில்லும் இல்லை. கூடுதல் விலை நேராகத் தாயின் மூலதனத்திலிருந்து கழியும். நிகர லாபம் என்றால் முழுக் குழுமத்தின் லாபம். அதன் கீழே இவ்வளவு தாயின் பங்குதாரருக்கு, இவ்வளவு மற்றவர்களுக்கு என்ற பகிர்வு.

ஒரு இடத்தில் மட்டும் வாரியம் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 80 சதவீதத்தை 96 கோடிக்கு வாங்கினீர்கள், நிகரச் சொத்து 100 கோடி. வெளியாளுக்கு நிகரச் சொத்தில் 20% என்று 20 கோடி எழுதினால் குட்வில் 16 கோடி. வெளியாள் பங்கின் சந்தை மதிப்பு 22 கோடி என்று மதிப்பிட்டு எழுதினால் குட்வில் 18 கோடி. அமெரிக்கா இரண்டாவதே சரி என்றது. சர்வதேச வாரியத்தில் எந்த ஒரு வழிக்கும் போதிய உறுப்பினர் ஆதரவு சேராததால், அதன் ஐஎஃப்ஆர்எஸ் 3 என்ற தரம் இரண்டையும் அனுமதித்தது. ஒவ்வொரு வாங்கலுக்கும் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். இந்தியாவின் இந்த்-ஏஎஸ் 103-உம் அதே வழி. ஒரே விலைக்கு நடந்த ஒரே வாங்கல் இரண்டு பேலன்ஸ் ஷீட் தருவதை வாசகர் அடிக்குறிப்பில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நல்ல தீர்வு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொரு விதி அந்த வரியை மறுபடி கடன் பக்கம் இழுக்கிறது. என் பங்கை நான் கேட்கும்போது நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வெளியாள் தாயிடம் எழுதி வாங்கியிருந்தால், கொடுக்க வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பைக் கடனாக எழுதச் சொல்கிறது ஐஏஎஸ் 32. குடும்பக் கம்பெனியில் பெரும்பங்கை வெளிநாட்டுக்காரர் வாங்கி, பழைய முதலாளியிடம் கொஞ்சம் விட்டுவைக்கும்போது இந்த உரிமை ஒப்பந்தத்தில் வருவது சகஜம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடுக்க வேண்டிய கடமை அங்கே உண்மையிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் நெடுங்காலம் இந்த வரிக்கே வேலை இல்லை. 1956 கம்பெனிகள் சட்டத்தின் 212-ஆம் பிரிவு துணை நிறுவனத்தின் கணக்கைத் தாயின் கணக்கோடு இணைத்து அனுப்பச் சொன்னது. ஒன்றாகக் கூட்டச் சொல்லவில்லை. 2001-இல் ஏஎஸ் 21 என்ற இந்தியக் கணக்குத் தரம் வந்து, செபி பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியபின்தான் கூட்டும் பழக்கம் வந்தது. 2013 சட்டத்தின் 129(3) பிரிவு துணை நிறுவனம் உள்ள மற்ற கம்பெனிகளுக்கும் அதை விரித்தது. ஆனால் உலகக் கணக்கில் நம்மவர்கள் இந்த வரிக்குள் ஏற்கெனவே இருந்தார்கள். ஹிந்துஸ்தான் யூனிலீவரில் சுமார் 62% லண்டன் யூனிலீவரிடம் இருக்கிறது. மாருதி சுசூகியில் பாதிக்கு மேல் ஜப்பானின் சுசூகியிடம். கோயம்புத்தூரில் யாரோ ஒருவரின் டிமேட் கணக்கில் இருக்கும் பத்து ஹெச்யூஎல் பங்கு, யூனிலீவரின் குழுமக் கணக்கில் அந்த வரிக்குள்தான் அடங்கியிருக்கிறது.

இந்த்-ஏஎஸ்ஸுக்கு மாறிய பெரிய கம்பெனிகளில் அந்த வரி 2016 முதல் மூலதனத்துக்குள் இருக்கிறது. 250 கோடி ரூபாய் நிகர மதிப்பை எட்டாத, பட்டியலிடாத கம்பெனிகள் பெரும்பாலும் இன்றும் ஏஎஸ் 21 வழியில் போகின்றன. 1989-இன் சர்வதேச வாசகத்தையொட்டி எழுதப்பட்ட அந்தத் தரம், வெளியாள் பங்கைக் கடனிலும் சேர்க்காமல் பங்குதாரர் மூலதனத்திலும் சேர்க்காமல் தனியே நிறுத்துகிறது. அவர்கள் நஷ்டப் பாகம் பூஜ்யத்தோடு நிற்கும் பழைய விதியும் அதில்தான் உயிரோடு இருக்கிறது. இதைத் திருத்த வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். பெரிய கம்பெனியின் வெளியாளுக்குப் பங்குச் சந்தையில் தினமும் ஒரு விலை தெரிகிறது. சின்னக் குழுமங்களில் அந்த 20 சதவீதக்காரர் பெரும்பாலும் பிரிந்துபோன தம்பி, கட்டிக்கொடுத்த தங்கை, தொடக்கத்தில் பணம் போட்ட கூட்டாளி. அவர்களுக்குச் சந்தை விலை கிடையாது. இயக்குநர் குழுவில் இடமும் இருப்பதில்லை. தங்கள் பாகம் எவ்வளவு என்று ஆடிட்டர் கையெழுத்தோடு அவர்கள் பார்க்கக் கிடைக்கும் எண்களில் முக்கியமானது அந்த வரி.